மூச்சு வாங்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்பது

சித்தப்பா போன் செய்தபோது இரவு 11:30 இருக்கும். "ஏம்மா, டிஸ்க்க ஃபார்மேட் பண்ணணும்னு கேக்குது. சரின்னு குடுத்துடவா?"

"குடுக்காதீங்க சித்தப்பா. எதையும் அழுத்தாதீங்க. மொதல்ல வயரக் கழட்டுங்க."

அவர் 14 வருடங்களாகத் தும்பிகளைப் படமெடுக்கிறவர். அத்தனையும் ஒரே 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில். ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரிலும் தேதி, குளத்தின் பெயர், வெயிலா மேகமா என்ற குறிப்பு இருக்கும். படம் கிடைத்து அந்தப் பெயர்கள் போய்விட்டால் அவருக்குப் பாதி போன மாதிரிதான். இதைக் கடைசிவரை மனதில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். எந்தக் கருவியை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது என்பதை அதுவே முடிவு செய்தது.

சில வருடங்களுக்கு முன் என் டிஸ்க்குக்கும் இப்படி ஆனது. அம்மா வாசிக்க நான் பதிவு செய்த 23 கதைகள் அதில் இருந்தன. விண்டோஸ் பிழை இருக்கிறது என்று சொன்னதும் அதன் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் ஃபவுண்ட் 000 என்றொரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் பெயரில்லாத துண்டுகள். 9 கதைகள் மட்டுமே முழுதாகக் கிடைத்தன. அன்று எனக்குத் தெரியாமல் போனவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க், எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று தெரியாத விளக்கு. உள்ளே தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. படிக்கும் தலை அவற்றைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு செக்டாரை, அதாவது தட்டில் தரவு எழுதப்படும் ஒரு சின்னக் கட்டத்தை, படிக்க முடியாதபோது டிஸ்க் தானாகவே அதைத் திரும்பத் திரும்ப முயல்கிறது. கம்ப்யூட்டரும் தன் பங்குக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு ஃபோல்டர் திறக்க நிமிடக்கணக்காவது இதனால்தான். நீங்கள் சும்மா காத்திருப்பதாக நினைக்கும் அந்த நேரத்தில் டிஸ்க் தன் மிச்ச உயிரைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, மின்சாரத்தை நிறுத்துவது. முறையாக எஜெக்ட் செய்ய முடிந்தால் செய்யுங்கள். கம்ப்யூட்டர் உறைந்துபோய் நின்றால் காத்திருக்காமல் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகு கை பரபரக்கும். எதையாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றும். ஃபார்மேட் கேட்டால் கொடுக்காதீர்கள். செக்டிஸ்க் வேண்டாம், மேக்கில் ஃபர்ஸ்ட் எய்டும் வேண்டாம். இவையெல்லாம் ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டின், கணக்கைச் சரிசெய்யப் பிறந்தவை. உங்கள் ஃபைலைக் காப்பாற்றப் பிறந்தவை அல்ல. கணக்கு பொருந்தாவிட்டால் பொருந்தாததை வெட்டி எறிந்துவிடும். அதோடு, ஏற்கனவே தள்ளாடும் டிஸ்க்கில் புதிதாக எழுதவும் செய்யும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது. மீட்டதை அதிலேயே சேமிக்கவும் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படிந்து, தலை அதில் உரசி, இருந்ததும் போகும். மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. நம் கண்ணுக்குத் தெரியாத தூசு அந்தத் தலைக்குப் பாறை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிஸ்க் இன்னும் திறக்கிறது, வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன ஃபோல்டர் அதில் இருக்கிறது என்றால் அதை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். 200 எம்பி அளவுக்குள் இருந்தால் அந்த ஆபத்து தகும் என்பது என் கணிப்பு. அது வந்ததும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று போகக் கூடாது. மொத்தத்தையும் இழுத்துப் போட்டுக் காப்பி செய்வது பெரிய தவறு. ஒரு கெட்ட ஃபைலில் மாட்டியதும் காப்பி அங்கேயே முட்டி நிற்கும்.

கேட்டுப் பாருங்கள்

சில நேரம் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது, கேபிள்தான் போயிருக்கும். வேறு கேபிள், வேறு போர்ட், முடிந்தால் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900 தரும். தட்டு சுழலத் தொடங்கும்போது சில டிஸ்க்குகளுக்கு அது போதாமல் போகும்.

மாற்றிப் பார்க்கும்போதே காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் என்றால் நல்லது. டிக், டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் அடித்தால் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. உரசும் சத்தம் என்றால் தட்டு கீறப்படுகிறது. சுழலாமல் பீப் பீப் என்று முனகினால் மோட்டாரோ தலையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது கேட்டாலும், கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது என்றாலும், உடனே நிறுத்தி ஓரமாக வையுங்கள். சுத்த அறை உள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். செலவு அதிகம், ஆனால் அங்கே தலையையே மாற்றிப் படிக்கிறார்கள். நாம் நாலு முறை முயன்று பார்த்துவிட்டுக் கொண்டுபோனால் அவர்களுக்கும் மிச்சம் இருக்காது. சர்க்யூட் போர்டை இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்து மாட்டுவது பழைய காலத்தில் பலித்தது. இப்போதைய போர்டுகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும். வேறு போர்டு பொருந்தாது.

பெட்டியைப் பிரித்து உள்ளிருக்கும் டிஸ்க்கை நேரடியாக மாட்டலாமே என்று தோன்றலாம். சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யுஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் அந்த யுஎஸ்பி போர்டு எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்தே எழுதியிருக்கும். அதை விட்டுப் பிரித்துப் படித்தால் வெறும் குப்பைதான் வரும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் பழைய பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

சித்தப்பாவின் டிஸ்க்கில் சத்தம் இல்லை. வேகம் மட்டும்தான் செத்திருந்தது. வீட்டிலேயே முயலலாம் என்று தீர்மானித்தது அதனால்தான்.

டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்வது

நான் விண்டோஸில் இந்த வேலையைச் செய்வதில்லை. டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் அதைத் திறந்து பார்க்க முயலும், எழுதவும் கூடும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குகிறேன். வேண்டிய கருவிகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. தொடங்கிய பிறகுதான் பழுதான டிஸ்க்கைச் செருக வேண்டும். எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை கொடுத்தால் எந்த டிஸ்க் எந்தப் பெயரில் இருக்கிறது, எது மவுன்ட் ஆகியிருக்கிறது (ஃபைல்களைப் பார்க்கத் திறக்கப்பட்டிருக்கிறது) என்று காட்டும். பழுதானது மவுன்ட் ஆகியிருந்தால் முதலில் அன்மவுன்ட் செய்யுங்கள்.

பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை அதைத் தரும். யுஎஸ்பி வழியாகப் பார்க்கும்போது பெரும்பாலும் சாதன வகையை சாட் என்று குறிப்பிட்டால்தான் பதில் வரும். நீளமான பட்டியலில் 4 வரிகள் போதும். 5ஆம் எண்: கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197: படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. 198: சோதித்தும் திருத்த முடியாதவை. 199: கேபிள் வழியில் வரும் பிழை, இது மட்டும் ஏறிக்கொண்டு மற்றவை 0 என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சித்தப்பாவின் டிஸ்க்கில் 197ஆம் வரியில் 312 இருந்தது. இதையே விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால் 138 என்று தெரியும். அது ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்) முறையில் காட்டுவதால் வரும் வேறுபாடு. குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை மட்டும் ஓட்டாதீர்கள். அது தட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும். அவ்வளவு படிக்கும் தெம்பு இருந்தால் அதை நகலெடுக்கப் பயன்படுத்தலாம்.

முதலில் நகல், மீட்பெல்லாம் பிறகு

பழுதான டிஸ்க்கில் ஃபைல்களைத் தேடாதீர்கள். முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார்வரை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். மீட்பு வேலை முழுவதும் அந்த நகலில்தான் நடக்க வேண்டும். நகலில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம்.

அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதிய குனூ டிடிரெஸ்க்யூ இதற்காகவே உள்ள கருவி. 2004இல் வெளிவந்தது, இன்றும் இதற்கு நிகரான இலவசக் கருவியாக எனக்கு வேறொன்றைச் சொல்லத் தோன்றவில்லை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் நிறுவும்போது பொதியின் பெயர் முன்னால் ஒரு ஜி சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்றிருக்கும். டிடிக்கும் ரெஸ்க்யூவுக்கும் நடுவே அடிக்கோடு போட்ட இன்னொரு கருவியும் உண்டு, அது வேறு.

இதன் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுக்கும். முட்டும் இடத்தில் நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும். எல்லாம் எடுத்த பிறகு முட்டிய இடங்களின் ஓரங்களைச் செதுக்கும், கடைசியில்தான் உள்ளே போய் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை மேப் ஃபைல் என்ற சின்ன எழுத்துக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும், டிஸ்க் நடுவில் துண்டித்துக்கொண்டாலும், மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மேப் ஃபைல் பெயரைக் கொடுக்காமல் ஓட்டினால் இந்த வசதி முழுவதும் போய்விடும்.

நகல் போகும் டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும். 1 டிபிக்கு நான் 2 டிபி எடுத்தேன். அதன் ஃபைல் சிஸ்டம் எஃப்ஏடி32ஆக இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது.

கட்டளையை எழுதும் வரிசை இது. நிரலின் பெயர், விருப்பக் குறிகள், பழுதான டிஸ்க், நகலாகும் இமேஜ் ஃபைல் (முழு டிஸ்க்கின் நகலும் ஒரே ஃபைலாக), கடைசியில் மேப் ஃபைல். பழுதான டிஸ்க் முன்னால், நகல் பின்னால். இது இடம் மாறினால் எல்லாம் முடிந்தது. நான் நகலை எப்போதும் ஒரு இமேஜ் ஃபைலாகவே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதும் இடம் சாதாரண ஃபைலாக இல்லாமல் ஒரு டிஸ்க்காக இருந்தால், ஃபோர்ஸ் என்ற குறி இல்லாமல் டிடிரெஸ்க்யூ எழுத மறுக்கும். ஆக, இமேஜ் ஃபைலுக்கு எடுக்கும்போது அது ஃபோர்ஸ் கேட்டால் நீங்கள் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கையை எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள். டிஸ்க்கின் ஒரு பகுதியை அல்ல, முழு டிஸ்க்கையும் கொடுங்கள். லினக்ஸ் காட்டும் பெயரில், எடுத்துக்காட்டாக, எஸ்டிபி1 அல்ல, எஸ்டிபி.

முதல் ஓட்டத்துக்கு இரண்டு குறிகள் போதும். சிறிய எழுத்தில் டி: இடைத் தேக்கமின்றி நேரடியாகப் படிக்கச் சொல்வது. சிறிய எழுத்தில் என்: சுரண்டும் கட்டத்தை இப்போது தவிர்க்கச் சொல்வது. இரண்டுக்கும் முன்னால் ஒரு ஹைஃபன்.

இனி பொறுமை. யுஎஸ்பி 2.0இல் நல்ல டிஸ்க்கே நொடிக்கு 35 எம்பி அளவில்தான் தரும். 1 டிபிக்கு அதுவே 8 மணி நேரம். சித்தப்பாவின் டிஸ்க் முதல் ஓட்டத்துக்கு 2 நாள் எடுத்துக்கொண்டது. சில மணி நேரம் நல்ல வேகம், பிறகு திடீரென்று நொடிக்கு சில கேபி என்று தவழும். அந்த நேரம் நிறுத்திவிடத் தோன்றும். திரையில் மீட்ட அளவு நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நகர்ந்தால் விட்டுவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்தபோது 99.6 சதவீதம் வந்திருந்தது. இன்னும் 4 ஜிபி பாக்கி.

இந்த நாட்களில் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று சூடு. சிறு மேசை விசிறியை டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்தேன். 50 டிகிரியைத் தொட்டால் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, அரை மணி நேரம் ஓய்வு கொடுப்பேன். இரண்டாவது, டிஸ்க் நழுவிப் போவது. நடுவில் துண்டித்துக்கொண்டு திரும்பி வரும்போது எஸ்டிபியாக இருந்தது எஸ்டிசியாக மாறிவிடலாம். ஆகவே கட்டளையில் இந்தப் பெயரைவிட, சாதனங்களின் அடையாளப் பட்டியலில் சீரியல் எண்ணோடு இருக்கும் நீளப் பெயரைக் கொடுப்பது பாதுகாப்பு. பிழைகளின் எண்ணிக்கை நொடிக்கு நொடி தாவினால் உடனே நிறுத்தி, டிஸ்க் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத டிஸ்க்கைப் படித்து "எல்லாம் கெட்டது" என்று மேப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம். தினமும் மேப் ஃபைலின் ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்தால் இதிலிருந்து பின்னால் போக முடியும். எனக்கு மூன்றாம் நாள் அது தேவைப்பட்டது.

இரண்டாவது ஓட்டத்தில் "என்" என்ற எழுத்துக் குறியை எடுத்துவிட்டு, மறுமுயற்சி 3 என்று கொடுத்தேன். அதற்குப் பிறகு பெரிய எழுத்தில் ஆர் சேர்த்துப் பின்னாலிருந்து முன்னோக்கிப் படிக்கவிட்டேன். முன்னிருந்து படிக்க மறுத்த சில இடங்கள் பின்னிருந்து வந்தன. 6 நாள் முடிவில் படிக்க முடியாமல் நின்றது 38 எம்பி. இதற்கு மேல் முயல வேண்டாம் என்று நிறுத்தினேன். டிஸ்க்கின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் சில எம்பிக்காக அதை அடித்து ஓட்ட மனம் வரவில்லை.

நகலிலிருந்து ஃபைல்களை எடுப்பது

இமேஜை முதலில் படிக்க மட்டும் என்ற முறையில் திறந்து பாருங்கள். லினக்ஸில் ஃபைலையே டிஸ்க் போலக் காட்டும் லூப் சாதனமாக மவுன்ட் செய்யலாம். விண்டோஸில் 7-ஜிப் கூடப் பல இமேஜ்களைத் திறந்து ஃபோல்டர்களைக் காட்டும். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பெயர்களோடு எல்லாம் வந்துவிடும்.

திறக்கவில்லையென்றால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க். இமேஜ் ஃபைலையே அதற்கு நேரடியாகக் கொடுக்கலாம். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் ஃபைல்கள் இருக்கும் பிரிவு) தொலைந்திருந்தால் தேடிக் கண்டுபிடிக்கும். கிடைத்த பார்ட்டிஷனில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிட்டு, வேறிடத்துக்குக் காப்பி செய்ய விடும். பட்டியலில் உங்கள் ஃபோல்டர்கள் தெரிந்தால் காப்பி செய்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். எதையும் "எழுது" என்று கொடுக்காதீர்கள். செக்டிஸ்க்கை ஓட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து அதில் ஓட்டுங்கள்.

சித்தப்பாவின் இமேஜில் முதல் பார்ட்டிஷனைக் காணவில்லை. டெஸ்ட்டிஸ்க் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தது. திரையில் தேதியும் குளத்தின் பெயரும் வரிசையாக இறங்கியபோது அவருக்குப் போன் போட்டு முதல் பத்துப் பெயர்களை வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை.

எதுவும் பலிக்காவிட்டால்தான் ஃபோட்டோரெக். அதே ஆசிரியருடையது. ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்ளாமல், ஃபைல்களின் தொடக்க அடையாளத்தை வைத்து இமேஜ் முழுவதும் தேடும். ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில் தொடங்கும். அப்படி 480க்கும் மேற்பட்ட வகைகளை அதற்குத் தெரியும். பெயரும் ஃபோல்டரும் மட்டும் வராது. எஃப் என்ற எழுத்துக்குப் பின் ஒரு நீள எண், அவ்வளவுதான் பெயர். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட ஃபைல்கள் உடைந்தும் வரலாம். அப்படி வந்த படங்களுக்கு எக்ஸிஃப்டூல் கைகொடுக்கும். கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்த தேதியையும் நேரத்தையும் எடுத்து ஃபைலின் பெயராக வைத்துவிடும்.

எந்த ஃபைல் காயப்பட்டது

பலர் இந்த வேலையைச் செய்வதில்லை. ஃபைல்கள் வந்துவிட்டன என்று மகிழ்ந்து, ஒரு வருடம் கழித்து ஒரு படத்தைத் திறந்தால் கீழ்ப்பாதி சாம்பலாக இருக்கும். படிக்க முடியாத இடங்கள் நகலில் வெறும் சுழியங்களாக நிற்பதால் ஃபைலின் அளவு மாறாது, பார்த்தால் தெரியாது.

டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை என்று ஒன்று உண்டு. ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதுங்கள். நான் "படிக்கமுடியாதசெக்டார்" என்று சேர்த்து எழுதினேன். இமேஜின் இன்னொரு பிரதியில், மேப் ஃபைலில் கழித்தல் குறியிட்ட கெட்ட இடங்களை எல்லாம் அந்தச் சொல்லால் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு அதை மவுன்ட் செய்து, அந்தச் சொல் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால் காயப்பட்டவற்றின் பட்டியல் கைக்கு வந்துவிடும். சித்தப்பாவுக்கு 57 ஃபைல்கள். மற்றவை முழுசு என்று நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது அப்போதுதான்.

57இல் 41 கேமரா பதப்படுத்தாமல் எழுதும் ரா படங்கள். ரா ஃபைலுக்குள் ஜேபெக் வடிவில் ஒரு முன்தோற்றப் படமும் இருக்கும்; காயம் வேறிடத்தில் பட்டிருந்தால் எக்ஸிஃப்டூல் அதை வெளியே எடுத்துத் தரும். 36க்கு அப்படிக் கிடைத்தது. மீதியில் பலவற்றை அவர் யாருக்கோ மெயிலில் அனுப்பியிருந்தார், அங்கிருந்து எடுத்தோம். வீடியோக்களில் ஒரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறிவிட்டு மறுபடி ஓடின. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்.

பழைய டிஸ்க்கை எறியாமல் உறையில் போட்டு, தேதியும் "மேப் ஃபைல் புது டிஸ்க்கில் உள்ளது" என்றும் எழுதி ஒட்டி வைத்தோம். மீட்டவற்றை அன்றே மூன்றாவது ஒரு டிஸ்க்குக்கும் காப்பி செய்தேன்.

கடைசியில் 6 படங்கள் எங்கும் கிடைக்கவில்லை. சித்தப்பா பட்டியலை வாங்கிப் பார்த்து, ஆறின் ஃபைல் பெயர்களையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது என்ன தும்பி, எந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தது என்று நினைவிலிருந்து எழுதினார்.